வண்டியைப் பார்த்தோம், இடத்தைப் பார்த்தோமா?

ரொம்ப நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் இது. எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையையோ பெண்ணையோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் முன்பெல்லாம் நயாகராவைப் பற்றியும் டிஸ்னியைப் பற்றியும் பேசுவார்கள். இப்போது ஆர்.வி. பற்றிப் பேசுகிறார்கள். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி. அக்டோபரில் இலையெல்லாம் சிவக்கும்போது குடும்பத்தோடு அதில் ஏறி ஒரு ஸ்டேட் பார்க்கில் போய் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வருவது. போட்டோக்களைக் காட்டி முடித்ததும் எல்லோரும் தவறாமல் சொல்வது: "நம்ம ஊருக்கும் இந்த வண்டி வரணும் சார்."

வந்துவிட்டது! மகாராஷ்டிரா 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தது. அதே வருடம் கேரளா 'கேரவன் கேரளா' என்று ஆரம்பித்தது. அதில் முதலில் வாங்கப்படும் நூறு வண்டிகளுக்கு, வண்டி ஒன்றுக்கு ஏழரை லட்சம் ரூபாய் வரை மானியம். 2022-ல் வாகமனில் முதல் கேரவன் பார்க்கும் திறந்தார்கள். வண்டிக்குள் ஏ.சி., டி.வி., சோபா எல்லாம் உண்டு. ஓட்டுநரும் கூடவே வருவார். வாடகையோ நல்ல நட்சத்திர ஓட்டல் கணக்கு.

என் கட்சி என்னவென்றால், நாம் காப்பியடித்தது தப்பான பாதியை. அங்கே அந்தப் பயணத்தைச் சாத்தியமாக்குவது வண்டி இல்லை. வண்டி போய் நிற்கிற அந்த முப்பது டாலர் இடம். அதை யாரும் போட்டோ எடுப்பதில்லை. அதனால் நம் ஆட்களுக்கு அது கண்ணில் படவும் இல்லை.

சும்மா கேள்வி ஞானத்தில் சொல்லவில்லை. 2023 அக்டோபரில் நாங்களும் போனோம். என் மனைவியின் தம்பி நியூயார்க் மாநிலத்தில் ரோசெஸ்டரில் இருக்கிறான். 25 அடி நீள ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்து, லெட்ச்வொர்த் ஸ்டேட் பார்க்குக்குக் கூட்டிப்போனான். ஜெனசி ஆறு மலையைக் குடைந்து மூன்று அருவிகளாக விழுகிற இடம். பள்ளத்தாக்கு சில இடங்களில் 500 அடிக்கும் மேல் ஆழம். இரண்டு கரையிலும் மேப்பிள் மரங்கள் மஞ்சளும் ஆரஞ்சும் ரத்தச் சிவப்புமாக நிற்கின்றன. அதை வர்ணிக்க எனக்குத் தெரியாது, பி.காம். படித்தவனை விட்டுவிடுங்கள். கணக்கு மட்டும் சொல்கிறேன்.

வண்டி கேலனுக்கு எட்டு, பத்து மைல்தான் கொடுக்கும். நம் கணக்கில் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர். வாடகை நாள் கணக்கு ஒன்று, மைல் கணக்கு ஒன்று, ஜெனரேட்டர் ஓடினால் மணிக் கணக்கு ஒன்று. சொந்தமாக வாங்குகிறவர்கள் பதினைந்து, இருபது வருடத் தவணையில் வாங்குகிறார்கள். ஷோரூமை விட்டு இறங்கியதுமே மதிப்பு சரிகிற ஒரு பொருளுக்கு இருபது வருட லோன்! என் மேஜைக்கு இப்படி ஒரு ஃபைல் வந்தால் நாலு கேள்வி கேட்டுத்தான் அனுப்புவேன். உள்ளே படுக்கை, சமையல், கழிப்பறை மூன்றும் இருந்தால் வருமான வரிச் சட்டத்தில் அதை இரண்டாவது வீடாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு வட்டிக்குக் கழிவு கேட்கலாம். அந்தச் சலுகை வசதியானவர்களுக்கு. ஆக வண்டி என்பது அங்கேயும் காசுள்ளவன் சமாச்சாரம்தான்.

ஆனால் இடம் அப்படியில்லை. ஹைபேங்க்ஸ் என்கிற முகாம் பகுதியில் எங்களுக்குக் கிடைத்த மனைக்கு ஒரு இரவு வாடகை முப்பது டாலர் சொச்சம். அந்தக் காசுக்கு வண்டி நிறுத்தச் சமதளமான இடம், ஒரு மின்சாரக் கம்பம், ஒரு மர மேஜை, நெருப்பு மூட்ட ஒரு இரும்பு வளையம். நடக்கிற தூரத்தில் வெந்நீர் வருகிற குளியலறை. வெளியே போகும் வழியில் கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்ய ஒரு இடம். அவ்வளவுதான். ஆடம்பரம் துளியும் கிடையாது. எங்களுக்கு அடுத்த மனையில் ஒரு பழைய பிக்கப் லாரியில் வந்த குடும்பம், வெளுத்துப்போன கூடாரம் ஒன்றை அடித்துத் தங்கியிருந்தது. அவர்களுக்கும் அதே கம்பம், அதே வெந்நீர். கோடி ரூபாய் வண்டிக்காரனும் கூடாரக்காரனும் காலையில் பல் துலக்க ஒரே குளியலறை வாசலில் நின்றார்கள். நான் பார்த்த அமெரிக்காவில் எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி அதுதான்.

சட்டதிட்டமும் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஐம்பது மைலுக்கு அப்பாலிருந்து பதப்படுத்தாத விறகு கொண்டுவரக் கூடாது. விறகோடு பூச்சி வந்து மரத்தைத் தின்றுவிடுமாம். ஒன்பது மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடுவதால் இலை சிவக்கும் வாரக் கடைசிக்கு இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

கிளம்பும் நாளில்தான் முக்கியமான பாடம். "அத்தான், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு என் மைத்துனன் கையுறை மாட்டினான். தடிமனான குழாயை எடுத்து வண்டியின் அடியில் பொருத்தினான். முதலில் மலத்தொட்டி, அதன் பிறகு சமையல், குளியல் தண்ணீர்த் தொட்டி. அப்படிச் செய்தால் பின்னால் வருகிற தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். பெரிய கம்பெனியில் பெரிய சம்பளம் வாங்குகிறவன், தன் வீட்டார் கழித்ததைத் தானே திறந்துவிட்டுக் கழுவினான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அதையேதான் செய்தார்கள். டிரைவர், அட்டெண்டர் என்று யாரும் கிடையாது.

நம் ஊர் சொகுசு கேரவன்களில் அந்தத் தொட்டியைக் காலி செய்வது யார்? எங்கே? மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் ஒரு சட்டம் போட்ட நாடு இது. அதன் பிறகும் சாவுச் செய்தி நிற்கவில்லை. வழிநெடுக முறையான கழிவு இறக்குமிடம் கட்டாமல் வண்டிக்கு மட்டும் மானியம் கொடுத்தால், அந்தத் தொட்டி ஏதோ ஒரு சாக்கடையில் திறக்கும், இல்லாவிட்டால் ஏதோ ஒரு ஏழையின் கையில் முடியும்.

சரி, அந்த முப்பது டாலர் இடம் அங்கே எப்படி வந்தது? தானாக முளைக்கவில்லை. வில்லியம் பிரையர் லெட்ச்வொர்த் என்கிற பஃபலோ நகரத்துத் தொழிலதிபர் 1859-லிருந்து அங்கே நிலம் வாங்கிச் சேர்த்தார். ஆற்றை மறித்து அணை கட்டும் பேச்சு அடிபட்ட காலத்தில், 1906-ல், சுமார் ஆயிரம் ஏக்கரை மாநிலத்துக்குத் தானமாக எழுதிவைத்தார். மாநிலம் அதோடு நிறுத்தவில்லை, மேலும் நிலம் சேர்த்தது. இன்று பார்க் பதினாலாயிரம் ஏக்கருக்கும் மேல்.

அடுத்தது 1930-கள். பொருளாதாரப் பெருமந்தம். வேலை செய்யக்கூடியவர்களில் நாலில் ஒருவருக்கு வேலையில்லை. ரூஸ்வெல்ட் 1933-ல் சி.சி.சி. என்ற இளைஞர் படையை ஆரம்பித்தார். 1942 வரை சுமார் முப்பது லட்சம் இளைஞர்கள் அதில் வேலை பார்த்தார்கள். மாதம் முப்பது டாலர் சம்பளம், அதில் இருபத்தைந்து வீட்டுக்குப் போய்விடும். நாடு முழுக்க ஸ்டேட் பார்க்குகளில் சாலை, பாலம், கல்சுவர், குடில் எல்லாம் கட்டியது அவர்கள். லெட்ச்வொர்த்தில் பள்ளத்தாக்கு ஓரம் நாங்கள் சாய்ந்து நின்று படம் எடுத்த கல்சுவரும் அந்தப் பையன்கள் கைவேலைதான். "அமெரிக்கா பணக்கார நாடு சார், அவங்களால முடியும்" என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வங்கிகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்த காலத்தில் கட்டியது அது.

பராமரிப்புப் பணத்துக்கும் வழி செய்திருக்கிறார்கள். மிசூரி மாநிலத்தில் 1984-ல் மக்களே ஓட்டுப் போட்டு, விற்பனை வரியில் நூறு டாலருக்குப் பத்து சென்ட் என்று ஒதுக்கினார்கள். பாதி பார்க்குகளுக்கு, பாதி மண், நீர்ப் பாதுகாப்புக்கு. அந்த வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டெடுப்பில் நீட்டித்தும் வருகிறார்கள். அங்கே ஸ்டேட் பார்க்குக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. மத்தியில் 1964-ல் ஒரு சட்டம் போட்டு நில, நீர்ப் பாதுகாப்பு நிதி என்று வைத்தார்கள். பெரும்பாலும் கடலில் எடுக்கும் எண்ணெய், எரிவாயு வருமானத்திலிருந்து வரும் பணம். 2020 முதல் வருடத்துக்கு 90 கோடி டாலர் நிரந்தரமாக அதற்கு உண்டு.

அமெரிக்காவைத் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. லெட்ச்வொர்த் இருக்கும் மண் செனெகா பழங்குடிகள் கையிலிருந்து போன மண். தென்மாநிலங்களில் கறுப்பர்களை இந்தப் பார்க்குகளுக்குள் விடாத காலம் ஒன்று இருந்தது. வர்ஜீனியா 1950-ல் 'நீக்ரோக்களுக்கான' ஸ்டேட் பார்க் என்று தனியாக ஒன்று திறந்தது. அந்த அசிங்கமும் சரித்திரத்தில் சேர்த்திதான். ஆனால் பொது இடம் என்ற ஒன்று இருந்ததால்தான் அதில் பங்கு கேட்டுப் போராடவும் முடிந்தது. இல்லாத இடத்துக்கு யார் போராடுவது?

இப்போது நம் பக்கம் வருவோம்.

நமது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தேசியப் பூங்கா, சரணாலயம், பாதுகாப்புக் காப்பகம், சமூகக் காப்பகம் என்று வகைகள் இருக்கின்றன. அத்தனையும் விலங்குக்கும் காட்டுக்குமானவை. அது சரியானதும்கூட, புலிக்காட்டில் போய்க் கூடாரம் அடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் சாதாரணக் குடும்பம் போய் ஒரு ராத்திரி தங்கிவரும் இடம் என்று ஒரு வகை நம் சட்டத்தில் எங்கே? வெள்ளைக்காரன் காலத்து டாக் பங்களாக்களும் டிராவலர்ஸ் பங்களாக்களும் ஊர் ஊராக இருந்தன. மிச்சமிருப்பவற்றில் உங்களுக்கும் எனக்கும் அறை கேட்டுப் பாருங்கள். "வி.ஐ.பி. வர்றாரு சார்."

"நம்ம ஜனங்களுக்குக் கேம்பிங் பழக்கமெல்லாம் கிடையாதே" என்று ஒரு நண்பர் சொன்னார். சிரிப்புதான் வந்தது. உலகத்திலேயே பெரிய கேம்பிங் கூட்டம் நம்மிடம்தான் இருக்கிறது சுவாமி! நான் வேலை பார்க்கும் உத்தரப்பிரதேசத்தில் மழை விட்டுக் குளிர் ஆரம்பிக்கும் மாதங்களில் நெடுஞ்சாலைக்கு வந்து பாருங்கள். வங்காளம், ஆந்திரா, மகாராஷ்டிரா, நம் தமிழ்நாடு என்று எல்லாத் திசையிலிருந்தும் டூரிஸ்ட் பஸ்கள். காசி, கயா, பிரயாக்ராஜ், அயோத்தி என்று பத்துப் பதினைந்து நாள் சுற்று. பஸ் கூரை மேல் அண்டா, அரிசி மூட்டை, சிலிண்டர். கூடவே சமையல்காரர். சாலையோரம் நிறுத்தி, தார்ப்பாய் விரித்து, சாம்பார் கொதிக்கவைத்து, ஐம்பது பேர் சாப்பிட்டு, பஸ்ஸிலேயே தூங்கி எழுந்து போகிறார்கள். இது ஆர்.வி. இல்லாமல் வேறென்ன? ஒரே வித்தியாசம், இவர்கள் போய் நிற்க ஹைபேங்க்ஸ் இல்லை.

பிரயாக்ராஜ் போகும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் இப்படி ஒரு பஸ் நின்றிருந்தது. தமிழ் கேட்டதும் போய்ப் பேசினேன். விருதுநகர்ப் பக்கத்துக்காரர்கள். அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா சொன்னார்: "தண்ணி குடிச்சா போகணுமே தம்பி... அதான் காலையில இருந்து குடிக்கவே இல்ல." ஐம்பது பேருக்கு அங்கே இருந்தது ஒரே ஒரு கழிப்பறை, அதிலும் தாழ்ப்பாள் இல்லை. பங்க்குகளில் இலவசக் கழிப்பறையும் குடிதண்ணீரும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பங்க் முகாம் இல்லையே, ஐம்பது பேருக்கு அது எப்படித் தாங்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 26-ம் தேதி அதிகாலை. மதுரை ரயில் நிலையத்தில், லக்னோவிலிருந்து யாத்திரை கிளம்பிய பயணிகளின் தனிப்பெட்டி ஒன்று ரயிலிலிருந்து கழற்றி நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே கேஸ் அடுப்பு பற்றவைத்ததில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்துபோனார்கள். ரயிலில் சிலிண்டர் ஏற்றுவது குற்றம், அதில் இரண்டு பேச்சில்லை. விதியை மீறினார்கள் என்று எல்லோரும் எழுதினார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் நாள் கணக்காகப் பெட்டியிலேயே குடியிருந்து ஊர் ஊராகப் போகிற ஒரு கூட்டம், காலையில் ஒரு வாய் டீ போட, காசு கொடுத்துப் பயன்படுத்தும் ஒரு சமையல் கொட்டகை ஊர் ஊருக்கு இருந்ததா என்று யாராவது கேட்டார்களா? பாதுகாப்பாகச் செய்ய இடம் கொடுக்காமல் தடை மட்டும் போட்டால், ஜனங்கள் ஒளித்துத்தான் செய்வார்கள்.

"இடம் கட்டிக்கொடுத்தா அசிங்கம் பண்ணிடுவாங்க சார்" என்பது அடுத்த வாதம். லெட்ச்வொர்த் சுத்தமாக இருப்பது வெள்ளைக்காரன் பிறவிக்குணத்தால் இல்லை. சம்பளம் வாங்கிக் கழுவ ஆள் இருக்கிறது, மீறினால் கேட்க ஆள் இருக்கிறது. அதோடு, நம் அரசாங்கத்துக்கு இது தெரியாத வித்தையும் இல்லை. 2025 ஜனவரி, பிப்ரவரியில் பிரயாக்ராஜில் கும்பமேளாவுக்காக ஆற்று மணலில் சுமார் 4,000 ஹெக்டேரில் ஒரு நகரத்தையே எழுப்பினார்கள். ஒன்றரை லட்சம் கழிப்பறைகள் என்று அரசுக் கணக்கு. ஜனவரி 29-ம் தேதி நெரிசலில் முப்பது உயிர்கள் போனதாக அரசே சொன்னது. அந்தத் தோல்வியை மூடிமறைக்கத் தேவையில்லை. ஆனால் சில மாதத்தில் சாலை, குழாய், விளக்கு, கக்கூஸ் எல்லாம் போடத் தெரியும் என்பதும் அங்கேதான் நிரூபணமானது. ஆறு வாரத்துக்குத் தெரிந்த வேலை வருடம் முழுக்க ஏன் தெரியாமல் போகிறது?

வங்கிக்காரன் கணக்கில் ஒரு மாதிரி போட்டுப் பார்க்கிறேன். நெடுஞ்சாலை ஓரத்தில் அரசு நிலம் ஐந்து ஏக்கர். இருபது பஸ் நிற்கும் மனைகள். புகை போகிற சமையல் கொட்டகை, பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள குளியலறைகள், துணி உலர்த்தக் கொடி, கழிவு இறக்கும் இடம். ஒரு பஸ்ஸுக்கு ஒரு இரவுக்கு ஐந்நூறு ரூபாய், அதாவது ஆளுக்குப் பத்து ரூபாய். வருடத்தில் முந்நூறு நாள், பாதி இடம் நிரம்பினால் பதினைந்து லட்சம் வருமானம். ஆறு பேருக்கு மாதம் பதினைந்தாயிரம் வீதம் சம்பளம் பத்து லட்சத்து எண்பதாயிரம். மின்சாரம், தண்ணீர் மூன்று லட்சம். மிச்சம் ஒரு லட்சத்து இருபதாயிரம் பழுதுபார்க்க. லாபம் கிடையாது, போட்ட முதலும் திரும்பாது. ரோடு போட்ட முதலை யார் திருப்பிக் கேட்கிறோம்?

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று. மேலே சொன்ன நூறு கேரவன்களுக்கு ஏழரை லட்சம் வீதம் முழுசாகக் கொடுத்தால் ஏழரைக் கோடி. அந்தப் பணத்துக்கு நூறு வண்டி வரும். நிலம் அரசாங்கத்தினுடையது என்றால், அதே பணத்தில் இப்படிச் சில முகாம்களாவது கட்டலாம். எத்தனை ஆயிரம் பஸ்கள் அதில் வந்து போகும்!

கேரவனை யாரும் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. காசு இருப்பவர் தாராளமாக வாங்கட்டும், லோன் வேண்டுமானால் நானே ஃபைல் போடுகிறேன் :-) அரசாங்கப் பணம் மட்டும் வண்டிக்குப் போக வேண்டாம், மண்ணுக்குப் போகட்டும். சுற்றுலாத் துறையில் இருப்பவர்கள் அடுத்த முறை அமெரிக்கா போய் ஆர்.வி. பார்க்கும்போது, தயவுசெய்து வண்டியை விட்டு இறங்கி அந்த மின்சாரக் கம்பத்தையும், குளியலறையையும், கழிவு இறக்குமிடத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள். அந்த மூன்றும் ஒவ்வொரு யாத்திரை வழியிலும், ஐம்பது கிலோமீட்டருக்கு ஒன்றாக வரட்டும். பஸ்ஸில் வரும் அம்மாக்கள் தண்ணீர் குடிக்கட்டும்.

உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஏதாவது ஒரு இடம் உருப்படியாக நடக்கிறது என்றால் அவசியம் சொல்லுங்கள். போய்ப் பார்த்துவிட்டு அதையும் எழுதுகிறேன்.